பழைய ஜீப்பில் ஸ்பீடோமீட்டர் முள் ஆடுகிறதா? மீட்டரில் கைவைக்காதீர்கள், கீழிருந்து ஆரம்பியுங்கள்

பழைய ஜீப்பில் ஸ்பீடோமீட்டர் முள் ஆட ஆரம்பித்தாலோ, ஒருநாள் அப்படியே படுத்துவிட்டாலோ, தயவுசெய்து முதல் வேலையாக மீட்டரைக் கழற்றாதீர்கள். கண்ணுக்கு எதிரே இருப்பது அதுதான் என்பதால் எல்லோரும் அதன்மேல்தான் கைவைக்கிறார்கள். நான் பார்த்தவரை பத்துக்கு ஏழெட்டு வண்டியில் பழுது கேபிளில் இருக்கிறது, மிச்சத்தில் பாதி கீழே கியர் பாக்ஸ் பக்கம் இருக்கிறது, மீட்டரே பழுதானது கடைசியில்தான் வருகிறது.

என்னுடையது மஹிந்திரா எம்.எம். 540, ஃபோர் வீல் டிரைவ். காரைக்குடியில் வீடு, கானாடுகாத்தான் தாண்டித் தோப்பு. தார் ரோட்டில் பாதி, கண்மாய்க்கரைச் செம்மண் பாதையில் பாதி என்று தினமும் ஓடுகிற வண்டி. சில வருஷத்துக்கு முன் முள் 40-க்கும் 70-க்கும் இடையே வாலாட்டிக்கொண்டே இருந்தது, அப்புறம் ஒரு மாதத்தில் மொத்தமாக நின்றுவிட்டது. பட்டறையில் காட்டினேன். "மீட்டர் போச்சுண்ணே, புதுசு போட்டுருவோம்" என்றார்கள், போட்டார்கள். பதினைந்தே நாளில் புது மீட்டரும் அதே மாதிரி ஆடியது. அதன்பிறகுதான் நானே படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். கேபிள் ஓரிடத்தில் சைலன்சர் பைப்பை ஒட்டிப்போய் உறை உருகி, உள்ளே இருக்கும் இன்னர் காய்ந்து மடங்கியிருந்தது. கேபிளை மாற்றிவிட்டு, அட்டைப் பெட்டியில் தூக்கிப் போட்டிருந்த பழைய மீட்டரையே திரும்ப மாட்டினேன். இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. அதனால் பழைய மீட்டரை யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.

இந்த மீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் பழுது எங்கே என்று உட்கார்ந்த இடத்திலேயே பாதி சொல்லிவிடலாம். கீழே கியர் பாக்ஸ் பக்கமிருந்து சுழன்றபடி வரும் கேபிள் மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அந்தக் காந்தத்தைச் சுற்றி மெல்லிய அலுமினியக் கிண்ணம் ஒன்று இருக்கிறது, முள் அதில்தான் பொருத்தியிருக்கும். காந்தமும் கிண்ணமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. காந்தம் சுழலச் சுழல அலுமினியத்துக்குள் மின்சுழல் உண்டாகி, அது கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கப் பார்க்கிறது. மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் அதைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது. இரண்டு இழுப்பும் சமமாகிற இடத்தில் முள் நிற்கும். ஜெர்மனியில் ஓட்டோ ஷூல்ட்சே என்பவர் 1902-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார், நூறு வருஷம் தாண்டியும் நம் ஜீப்பில் ஓடுவது அதே ஏற்பாடுதான். கிலோமீட்டர் எண்ணும் சக்கரங்கள் வேறு கணக்கு. அவை பல் சக்கரம் வழியாக நேராகவே கேபிளோடு இணைந்தவை.

இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பழுதைப் பிரிக்க வேண்டும். முள்ளும் ஓடவில்லை, கிலோமீட்டர் எண்ணும் ஓடவில்லை என்றால் மீட்டருக்குச் சுழற்சியே வந்து சேரவில்லை, கேபிள் அறுந்திருக்கும் அல்லது கீழே பின்னியன் (கேபிளைச் சுழற்றும் சின்னப் பல் சக்கரம்) பல் தேய்ந்திருக்கும். எண் ஓடுகிறது, முள் மட்டும் படுத்திருக்கிறது என்றால் கேபிள் நன்றாக இருக்கிறது, பழுது மீட்டருக்குள். முள் ஓடி எண் நின்றிருந்தால் மீட்டருக்குள் இருக்கும் சின்னப் பல் சக்கரம் உடைந்திருக்கும். முள் துடிக்கிறது, மெதுவாகப் போகும்போது அதிகமாக ஆடி வேகம் ஏறினால் கொஞ்சம் அடங்குகிறது என்றால் கேபிள் காய்ந்திருக்கிறது அல்லது எங்கேயோ மடங்கியிருக்கிறது. வண்டி நகர்ந்த உடனே முள் கடைசிவரை எகிறிப்போய் நின்றுகொள்கிறதா? கிரீஸோ ஆயிலோ மேலே ஏறி மீட்டருக்குள் போய்க் கிண்ணத்தையும் காந்தத்தையும் ஒட்டவைத்துவிட்டது. டேஷ்போர்டுக்குள்ளிருந்து கீச் கீச் என்று சத்தம் வந்தால் கேபிளின் மேல்முனையோ மீட்டரின் புஷ்ஷோ (கேபிள் நுழையும் இடத்தில் சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்) வறண்டுவிட்டது. அந்தச் சத்தத்தோடு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரு சொட்டு எண்ணெயில் தீர்கிற விஷயம் புஷ் தேய்ந்து மீட்டரையே தின்றுவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிடுங்கள், மீட்டருக்குப் பின்னால் விளக்கு ஒயர்கள் நெருக்கமாக இருக்கும், ஸ்பேனர் பட்டால் புகைந்துவிடும். டேஷ்போர்டுக்கு அடியில் கையைவிட்டு மீட்டருக்குப் பின்னால் கேபிளைப் பிடித்திருக்கும் காலர் நட்டைக் கையாலேயே திருகிக் கழற்றுங்கள். கையால் வராவிட்டால் கட்டிங் பிளேயரை மெதுவாக வைத்து ஒரு கால் திருகு போதும். கேபிளின் முனை வெளியே வந்தால் நடுவில் சின்னச் சதுரக் கம்பி நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். அதில் காகித டேப்பைக் கொடி மாதிரி ஒட்டிவிடுங்கள்.

இப்போது கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஆளை வைத்து வண்டியைச் சமதரையில் மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். கொடி சுற்றினால் கீழே எல்லாம் சரி. சுற்றவில்லை என்றால் கேபிளின் கீழ்முனையையும் கழற்றி, பின்னியனுக்குள் ஒரு குச்சியை வைத்துத் திரும்பத் தள்ளிப் பாருங்கள். குச்சி சுற்றினால் கேபிள்தான் அறுந்திருக்கிறது. குச்சியும் சுற்றவில்லை என்றால் பின்னியன். வண்டிக்குக் கீழே கை இருக்கும்போது ஓர் அடிக்கு மேல் தள்ள வேண்டாம், தள்ளுகிறவர் உங்கள் குரல் கேட்டு நிறுத்துகிறவராக இருக்க வேண்டும். ஜாக்கி வைத்துத் தூக்கி எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கலாமே என்பார்கள். ஃபோர் வீல் வண்டியில் அந்த வேலையே வேண்டாம். முன்பக்க கியர் தெரியாமல் விழுந்திருந்தால் தரையில் இருக்கும் சக்கரம் பிடித்து, வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும்.

கேபிளின் கீழ்முனை எங்கே என்று தேடுகிறவர்களுக்கு: வில்லிஸ் வழியில் வந்த பழைய ஜீப்களில் அது மெயின் கியர் பாக்ஸில் இருக்காது, அதற்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் (சுழற்சியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), பின்பக்க புரொப்பெல்லர் ஷாஃப்ட் வெளியே வருகிற இடத்தில், ஹேண்ட் பிரேக் டிரம்முக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். இதில் ஒரு நல்ல விஷயம், லோ கியர் போட்டாலும் மீட்டர் தப்பாகக் காட்டாது. லோ, ஹை எல்லாம் முடிந்தபிறகு சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டிலிருந்துதான் சுழற்சியை எடுக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தாலும் தள்ளினால் கேபிள் சுற்றுவதும் அதனால்தான்.

கேபிளைக் கழற்றியாகிவிட்டதா? இனிமேல்தான் பொறுமை வேண்டும். அவுட்டரின், அதாவது வெளி உறையின், ஒரு முனையைப் பிடித்து இன்னரை உருவுங்கள். அறுந்திருந்தால் பாதிதான் வரும், மீதியை மறுமுனையிலிருந்து எடுக்க வேண்டும். அறுந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இன்னர் என்பது ஒற்றைக் கம்பி இல்லை. மெல்லிய கம்பிகளை அடுக்கடுக்காக, ஓர் அடுக்கு வலப்பக்கமும் அடுத்தது இடப்பக்கமுமாகச் சுற்றி முறுக்கியது. முனை பூந்துடைப்பம் மாதிரி விரிந்திருந்தால் நாள்பட்ட தேய்மானம், காய்ந்துபோய் ஓடியிருக்கிறது. கத்தியால் வெட்டியது போலச் சுத்தமாக முறிந்திருந்தால் மேலேயோ கீழேயோ ஏதோ இறுகிப்போய்த் திடீரென்று பிடித்திருக்கிறது. அப்போது புதுக் கேபிளை மாட்டுவதற்கு முன் மீட்டரின் துளையில் சதுரக் குச்சியை வைத்து விரலால் சுற்றிப் பாருங்கள், பட்டுப்போலச் சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் எத்தனை கேபிள் போட்டாலும் அறுந்துகொண்டேதான் இருக்கும்.

அறுந்துபோகாத இன்னரைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவி, பனியன் வேஸ்டால் துடைத்துவிட்டு, வழுவழுப்பான தரையில் நீட்டிப் போட்டு உள்ளங்கையால் உருட்டுங்கள். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளின் ஆத்தங்குடிக் கல் தரை இதற்கு அருமையாக இருக்கும். (முடிந்ததும் தரையைத் துடைத்துவிடுங்கள், மண்ணெண்ணெய்க் கறை படிந்தால் வீட்டில் பதில் சொல்ல முடியாது.) நேரான இன்னர் சத்தமில்லாமல் உருளும். மடங்கல் இருந்தால் அந்த இடத்தில் எழும்பி எழும்பி விழும், தட்டுத் தட்டென்று கேட்கும். அந்தத் தட்டுத்தான் டயலில் முள் துடிப்பாகத் தெரிந்தது. அதை நிமிர்த்திப் பார்க்க வேண்டாம், நிமிர்த்தினாலும் திரும்ப அங்கேயே மடங்கும். புதுசு வாங்குங்கள். வாங்கப் போகும்போது பழைய கேபிளைக் கையோடு எடுத்துப்போய்க் கடையில் பக்கத்தில் வைத்து நீளம், இரண்டு முனையின் நட்டு மரை, சதுர முனையின் கனம் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பெயரில் விற்கிற வண்டிக்கே வருஷத்துக்கு வருஷம் நீளம் மாறியிருக்கும்.

கிரீஸ் போடுவதில்தான் நானே ஒருமுறை தப்புச் செய்தேன். நிறையப் போட்டால் நல்லது என்று முனைமுதல் முனைவரை அப்பிவிட்டேன். இன்னர் சுழலும்போது அது ஒரு திருகாணி மாதிரி கிரீஸை மேலே ஏற்றிக்கொண்டே போகும். சித்திரை வெயிலில் டேஷ்போர்டு கொதிக்கிற ஊரில் கேட்கவே வேண்டாம், இளகி நேராக மீட்டருக்குள் போய்விட்டது. சரியான முறை இது: கிராஃபைட் கலந்த இலேசான கிரீஸை விரலில் எடுத்து, இன்னரைக் கீழ்முனையிலிருந்து விரல்களுக்கு நடுவே உருவிக்கொண்டே வாருங்கள், படலம் மாதிரி இருந்தால் போதும். மீட்டர் பக்கம் கடைசி 20 சென்டிமீட்டருக்குக் கிரீஸே வேண்டாம், வெறுமனே விடுங்கள். சக்கர பேரிங்குக்குப் போடும் கெட்டிக் கிரீஸ் இதற்கு ஆகாது.

மாட்டும்போது அவுட்டர் போகிற வழியை யோசித்துப் போடுங்கள். எந்த இடத்திலும் சின்ன வளைவு கூடாது, ஒரு சாப்பாட்டுத் தட்டின் விளிம்பு அளவு வளைவாவது இருக்க வேண்டும். மீட்டருக்குப் பின்னாலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் முனையை விட்டு நாலு விரல்கடை தூரம் நேராகப் போய்த்தான் வளைய வேண்டும். சைலன்சர் பைப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். ஃபயர்வால் (எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் இருக்கும் தகரத் தடுப்பு) துளையில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் கட்டாயம் போடுங்கள், அந்தத் தகர விளிம்புதான் அவுட்டரை அரிக்கிறது. அவுட்டரில் சின்ன வெட்டு இருந்தால்கூடக் கண்மாய்த் தண்ணீரும் செம்மண் புழுதியும் உள்ளே போய் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போல இன்னரைத் தின்றுவிடும். மேலே மாட்டும்போது அவுட்டரிலிருந்து இன்னர் சுமார் 1 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் மீட்டருக்குள் பிடிக்காமல் நழுவும், அதிகமானால் மீட்டரின் காந்தத்தை முட்டித் தள்ளும். நட்டைக் கையால் இறுக்கினால் போதும்.

பின்னியன் பக்கம். அதைக் கழற்றும்போது கொஞ்சம் கியர் ஆயில் வழியும், தட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில வண்டியில் பின்னியன் உறையே மரையோடு முறுக்கியிருக்கும், சிலவற்றில் ஒரு போல்ட்டும் கிளிப்பும் பிடித்திருக்கும். பற்களை நகத்தால் தடவிப் பாருங்கள், நுனி கூர்மையாகக் கத்தி மாதிரி ஆகியிருந்தால் முடிந்தது, மாற்ற வேண்டும். வாங்கும்போது பல் எண்ணிக்கை மிக முக்கியம், பழையதில் எத்தனை பல்லோ புதியதிலும் அத்தனை. ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் மீட்டர் பொய் சொல்லும். அங்கே இருக்கும் சின்ன ஆயில் சீலையும் கூடவே மாற்றிவிடுங்கள். அது போனால் கியர் ஆயில் கேபிள் வழியாகவே ஏறி மீட்டருக்கு வந்துவிடும். கேபிளின் மேல்முனையை முகர்ந்து பார்த்தால் கியர் ஆயிலின் அந்தக் கந்தக வாடை வருகிறதா? சீல் போய்விட்டது என்று அர்த்தம். முடித்ததும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஆயில் மட்டத்தையும் சரிபாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து முள் இன்னும் தகராறு செய்தால்தான் மீட்டர். கழற்றுவதற்கு முன் பின்பக்க ஒயர்களை ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்து மேசையில் வைத்து, டிரில் மிஷினில் சின்னச் சதுரக் கம்பியை மாட்டி, மிக மெதுவான வேகத்தில் மீட்டரைச் சுழற்றிப் பார்க்கலாம். வண்டி முன்னால் போகும்போது கொடி எந்தப் பக்கம் சுற்றியது என்று முன்பே பார்த்திருப்பீர்கள், அதே பக்கம்தான் சுற்ற வேண்டும்.

விளிம்பு வளையத்தைத் திறக்கும்போது மெல்லிய திருப்புளியால் சுற்றிச் சுற்றி இம்மி இம்மியாக நெம்புங்கள், ஒரே இடத்தில் நெம்பினால் கண்ணாடி போய்விடும். உள்ளே ஆயில் இருந்தால் காது குடையும் பஞ்சுக் குச்சியில் துளி பெட்ரோல் தொட்டுக் கிண்ணத்தின் ஓரத்தை மட்டும் துடையுங்கள். டயலில் பெட்ரோல் படவே கூடாது, எழுத்து கரைந்துவிடும். இரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டியிருந்தால் டேப்பின் பசைப்பக்கத்தால் தொட்டுத் தொட்டு எடுங்கள். சுருள்வில்லை விரலாலோ குச்சியாலோ தொடாதீர்கள், முள்ளைப் பிடுங்கவும் வேண்டாம். அந்த வில்லின் இழுவிசைதான் மீட்டரின் முழுக்கணக்கும், ஒருமுறை வளைந்தால் நம் கையால் திரும்பக் கொண்டுவர முடியாது. கேபிள் நுழையும் புஷ்ஷில் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. பல் சக்கரம் உடைந்திருந்தாலோ வில் கெட்டிருந்தாலோ அங்கே நிறுத்திவிட்டு, மீட்டர் வேலை மட்டுமே பார்க்கிறவரிடம் கொடுங்கள், அந்தக் கை வேறு.

கடைசியாக, முள் ஓடினால் மட்டும் போதாது, சரியாகக் காட்ட வேண்டும். நிறைய டயல்களில் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். கிலோமீட்டர் மீட்டரில் பெரும்பாலும் அது ஒரு கிலோமீட்டருக்குக் கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற கணக்கு. உதாரணத்துக்கு 640 என்று வைத்துக்கொள்வோம். 25 மீட்டருக்கு 16 சுற்று வர வேண்டும். நான் இதை எங்கள் தெருவிலேயே செய்தேன். செட்டிநாட்டு வீடுகள் முன் தெருவிலிருந்து பின் தெருவரை நீளுமே, அந்தப் பக்கச் சுவரோரம் டேப் பிடித்து 25 மீட்டருக்குச் சாக்பீஸில் இரண்டு கோடு போட்டேன். டயரில் காற்றைச் சரியாக அடித்துவிட்டு, நாலு பேர் வண்டியைத் தள்ள, அக்கா மகன் உள்ளே உட்கார்ந்து கொடியை எண்ணினான். "மாமா, பதினஞ்சுதான் வருது" என்றான். நம்பாமல் மூன்று முறை தள்ளினோம், மூன்று முறையும் பதினைந்துதான். அதாவது நிஜத்தில் 64 வேகத்தில் போகும்போது மீட்டர் 60 என்று காட்டிக்கொண்டிருந்தது.

காரணம் டயர். 215/75 ஆர் 15 டயரின் விட்டம் சுமார் 703 மில்லிமீட்டர், 235/75 ஆர் 15 சுமார் 733. டயர் பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி அதிக தூரம் போகும், கேபிள் குறைவாகச் சுற்றும். இந்த ஒரு மாற்றத்திலேயே 60 காட்டும்போது நிஜ வேகம் 62-க்கு மேல் இருக்கும். 31 அங்குல டயர் போட்டால் 67. ஓட்டுகிறவர் 60-இல் போகிறோம் என்று நம்பிக்கொண்டிருப்பார், வளைவில் வண்டி அப்படி நடந்துகொள்ளாது. அதுவும் ஜீப் மாதிரி உயரமான வண்டியில் இது விளையாட்டில்லை. பல் எண்ணிக்கை வேறான பின்னியன் கிடைத்தால் மாற்றலாம். கிடைக்காவிட்டால் 40, 60, 80 மூன்றுக்கும் நிஜ வேகம் என்ன என்று சின்னச் சீட்டில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

நிஜ வேகம் பார்க்க ஃபோனில் ஜி.பி.எஸ். இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் ரோட்டோரக் கிலோமீட்டர் கல் இருக்கிறது. காலையில் ஆள் நடமாட்டம் குறைவாக இருக்கும்போது குன்றக்குடி வரை ஒரே வேகத்தில் போய்வாருங்கள், பக்கத்தில் இருப்பவர் கடிகாரம் பார்க்கட்டும். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 90 வினாடி என்றால் 40, 72 வினாடி என்றால் 50, 60 வினாடி என்றால் 60. ஓட்டுகிறவர் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 117-ஆவது விதி வண்டியில் ஸ்பீடோமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. சொந்த வண்டிக்கு 15 வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதும், அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையும் வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அந்த நேரத்தில் அவசரமாக ஏதோ ஒரு மீட்டரை வாங்கி மாட்டுவதைவிட, இரண்டு மாதம் முன்பே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. வேறு மீட்டர் மாட்டத்தான் வேண்டும் என்றால், பழைய மீட்டரில் நின்ற கிலோமீட்டரையும் மாற்றிய தேதியையும் ஆர்.சி. வைத்திருக்கும் உறைக்குள் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்து அந்த வண்டியை வாங்குகிறவருக்கு எஞ்சின் எவ்வளவு ஓடியது என்று தெரிய வேறு வழி இல்லை.